எளிய அடியில் நேரும் பிழை

ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்ட ஒருவன் வானொலியில் பேச வந்தால் தேர்வைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். நான் பேச எடுத்துக்கொண்டது கோல்ஃப் என்னும் விளையாட்டு. அதிலும், என்னைப்போல் ஆர்வத்துக்காக மட்டுமே ஆடுகிறவர்கள் கவனக்குறைவால் செய்யும் பிழைகள். அவற்றைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றை நானே செய்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுக்கு நான் கொடுக்க வேண்டிய விலையை வேறொருவர் கொடுத்தார். அதைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறேன்.

உங்களுள் பலர் இந்த ஆட்டத்தைப் படத்தில் மட்டுமே கண்டிருப்பீர்கள். ஸ்காட்லாந்து நாட்டுக் கடற்கரையின் மணல் மேடுகளில் வளர்ந்த ஆட்டம் இது. ஆங்கிலேயரோடு நம் நாட்டுக்கு வந்தது. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. நம் பக்கத்தில் உதகையிலும் கோடைக்கானலிலும் மலைச்சரிவுகளின்மேல் பழைய ஆடுகளங்கள் இருக்கின்றன. மலைநகர் ஒன்றில் பணியாற்றிய காலத்தில், நாற்பது வயதைக் கடந்த பிறகு, நானும் இதைக் கற்றுக்கொண்டேன். முழுமையாகக் கற்றேன் என்று சொல்லமாட்டேன்.

ஆடும் முறை எளிது. களத்தில் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் உரிய தொடக்க மேடையிலிருந்து பந்தை அடித்து, அடித்து, இறுதியில் அந்தக் குழிக்குள் விழச் செய்ய வேண்டும். குழியின் வாய் நாலேகால் அங்குல அகலமே உடையது. பதினெட்டுக் குழிகளையும் யார் மிகக் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இருநூற்றைம்பது கஜம் வானில் பறந்து செல்லும் அடியும் கணக்கில் ஒன்றுதான். குழியின் ஓரத்தில் நிற்கும் பந்தை மெல்லத் தட்டிவிடும் அடியும் கணக்கில் ஒன்றுதான். முன்னதற்குத் தோளும் இடுப்பும் பல ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். பின்னதை ஐந்து வயதுக் குழந்தையும் செய்துவிடும். ஆயினும் பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் இழக்கும் அடிகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையில் போகிறது என்பதே என் அனுபவம். கடினமான அடியில் நாம் தோற்கிறோம்; எளிய அடியில் ஏமாறுகிறோம். முன்னதைப் பயிற்சியால் திருத்தலாம். பின்னதைத் திருத்துவது எப்படி என்பதுதான் கேள்வி.

பெரிய ஆட்டக்காரர்களும் இதற்கு விலக்கல்லர். 1983-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராயல் பர்க்டேல் களத்தில் பிரிட்டிஷ் ஓபன் போட்டி நடந்தது. அமெரிக்க நாட்டு ஹேல் இர்வின் மூன்றாம் நாள் ஆட்டத்தில் பதினான்காம் குழியருகே வந்தார். பந்துக்கும் குழிக்கும் இடையே இருந்தது சில அங்குலத் தூரமே. அவர் நிதானித்து நிற்கவில்லை. கையை எட்டி, மட்டையின் புறப்பக்கத்தால் தட்டிவிட முயன்றார். மட்டை தரையில் இடித்து எழும்பிப் பந்தின்மேலாகக் கடந்துவிட்டது. பந்து அசையவே இல்லை. அடிக்கும் எண்ணத்தோடு வீசியமையால் விதிப்படி அதுவும் ஓர் அடி. மறுநாள் போட்டி முடிந்தபோது டாம் வாட்சன் வென்றார். இர்வின் அவரைவிட ஓர் அடி பின்தங்கி நின்றார். நான்கு நாள் உழைப்பில் அந்த ஓர் அடி எங்கே போயிற்று என்று அவர் தேட வேண்டியிருந்திருக்காது.

இன்னொரு நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. 1961-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் அகஸ்டா நகரில் மாஸ்டர்ஸ் போட்டி. ஆர்னால்டு பால்மர் கடைசிக் குழிக்கு வந்தபொழுது, ஆட்டத்தை முன்னரே முடித்திருந்த தென்னாப்பிரிக்கரான கேரி பிளேயரைவிட ஓர் அடி முன்னணியில் இருந்தார். அந்தக் குழியை நான்கு அடிகளில் முடித்தால் வெற்றி. ஐந்தில் முடித்தால் சமம். முதல் அடி மிக நன்றாக அமைந்தது. பந்தை நோக்கி நடந்து செல்கையில், கூட்டத்தில் நின்ற தெரிந்தவர் ஒருவர் அவரை அழைத்து வாழ்த்துக் கூறினார். பால்மர் நின்று, வாழ்த்தை ஏற்றுக்கொண்டு, மேலே நடந்தார். அடுத்த அடி மணற்பள்ளத்தில் விழுந்தது. அங்கிருந்து அடித்த பந்து குழியின் பசுந்தரையைத் தாண்டி அப்பால் ஓடிற்று. முடிவில் ஆறு அடிகள்! கோப்பை கேரி பிளேயருக்குப் போயிற்று. அந்த வாழ்த்தை ஏற்றுக்கொண்ட கணத்தில்தான் தம் கவனம் கலைந்தது என்று பால்மரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அன்று பால்மரோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட சார்லஸ் கோ என்பவர் தொழிலுக்காக ஆடாத, நம்மைப்போன்ற ஆர்வலர். 'நம்மைப்போன்ற' என்று நான் சொல்வதைக் கேட்டால் அவருடைய ஊரார் சிரிப்பார்கள், இருக்கட்டும்.

திருவள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்திருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். பொச்சாப்பு என்றால் மறதி. எத்தகைய மறதி? மகிழ்ச்சியின் மிகுதியால் கடமையைக் கைவிடும் மறதி. அது அளவுகடந்த சினத்தைக் காட்டிலும் தீயது என்பது அவர் கருத்து. முப்பது ஆண்டுகள் அந்த அதிகாரத்தை வகுப்பில் நடத்தியபொழுது, சினத்தைவிட மகிழ்ச்சி எப்படித் தீயதாகும் என்று கேட்ட மாணவர்களுக்கு நான் சொன்ன விளக்கம் எனக்கே நிறைவளித்ததில்லை. பால்மரின் கதையை அறிந்த பிறகுதான் விளக்கம் கிடைத்தது. சினம் கொண்டவன் தான் சினம் கொண்டிருப்பதை அறிவான். பிறரும் அவனுக்குச் சொல்லுவர். மகிழ்ந்திருப்பவனை யாரும் எச்சரிப்பதில்லை. வாழ்த்தத்தான் வருகிறார்கள்.

எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்பித்தவர், ஆடுகளத்தில் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்தே முதுமை எய்திய பெரியவர் ஒருவர். அவர் செய்த தொழிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'கேடி' என்பது. நம் ஊர்ப் பேச்சில் அச்சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால் நான் அவரை ஒருபொழுதும் அவ்வாறு அழைத்ததில்லை. பெரியவரே என்றுதான் அழைப்பேன். பந்தை அடிக்கும் முன்னரே அது எங்கே போகிறது என்று தலையைத் தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். தலை தூக்கினால் தோள் எழும்; தோள் எழுந்தால் மட்டை பந்தின் நடுவில் படாமல் உச்சியைச் சுரண்டும்; பந்து பத்துக் கஜம் தத்தித் தத்திப் போய் நிற்கும். பெரியவர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் வாரம், "ஐயா, பந்து எங்கும் ஓடிப்போகாது. நீங்கள்தான் அதற்கு முன்னால் ஓடிவிடுகிறீர்கள்" என்றார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கவனம் என்பதைப் பற்றி நான் படித்த பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது.

ஆட்டம் தொடங்கும் முன்பே செய்துவிடக்கூடிய பிழைகளும் உண்டு. ஒருவர் எடுத்துச் செல்லத்தக்க மட்டைகள் பதினான்குதான். அதற்குமேல் ஒன்று இருந்தாலும் தண்டனை. எண்ணிப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆயினும் 2001-ஆம் ஆண்டு, ராயல் லித்தம் களத்தில், பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் கடைசி நாளில், வேல்ஸ் நாட்டு இயான் வூஸ்னம் முதற் குழியை மிகச் சிறப்பாக முடித்து முன்னணியில் வந்து நின்றபோது, அவருடைய பையில் பதினைந்தாவது மட்டை இருப்பதைப் பை சுமப்பவர் கண்டு சொன்னார். பயிற்சிக்காக எடுத்த மட்டை அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு அடிகள் தண்டனையாகக் கூட்டப்பட்டன. எண்ண வேண்டியது பை சுமப்பவரின் வேலை என்று வூஸ்னம் எண்ணியிருக்கலாம். ஆனால், தண்டனை ஆட்டக்காரருக்கே.

பந்தில் ஓர் அடையாளம் இடாமல் ஆடுவது அடுத்த பிழை. பெரும்பாலான பந்துகள் வெண்மையாகவே இருக்கின்றன. பலவற்றில் நிறுவனத்தின் பெயரும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். புல் உயர்ந்த ஓரத்தில் ஒரு நாள் என் பந்து என்று நம்பி ஒன்றை அடித்தேன். என் ஆயுளில் நான் அடித்த மிக அழகிய அடிகளுள் அதுவும் ஒன்று. நான்கு கஜம் தள்ளி என் உண்மையான பந்து கிடந்தது. பிறர் பந்தை அடித்தால், அடிகளை எண்ணி ஆடும் போட்டியில் இரண்டு அடிகள் தண்டனை. அடித்த அழகுக்குச் சலுகை இல்லை. அன்று முதல் என் பந்துகளில் சிவப்பு மையால் மூன்று புள்ளிகள் இட்டுக்கொள்கிறேன். பெண்டிர் கோலம் போடத் தொடங்குவதைப்போல் இருக்கிறது என்று என் மனைவி சொல்வதுண்டு.

பந்து காணாமற்போனதோ என்ற ஐயம் எழும்போது, முதல் இடத்திலிருந்தே இன்னொரு பந்தைத் தற்காலிகமாக அடித்து வைக்க விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அடிக்கும் முன், 'இது தற்காலிகப் பந்து' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் இரண்டாம் பந்தே கணக்குக்கு உரிய பந்தாகிவிடும். முதற்பந்து அப்புறம் நடுக்களத்தில் நன்றாகக் கிடந்தாலும் பயனில்லை. தேடுவதற்கும் கால வரம்பு உண்டு. முன்பு ஐந்து நிமிடமாக இருந்ததை 2019-ஆம் ஆண்டு முதல் மூன்று நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். அதனால், அடித்த பந்து எந்த மரத்தின் நேராக மறைந்தது என்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளாமல் முகம் சுளித்துத் திரும்பிக்கொள்கிறவர், இரண்டு முறை இழக்கிறார்.

முகம் சுளிப்பதைப் பற்றிச் சொன்னேன். ஒரு பிழை செய்தவர் அதை ஈடுகட்ட நினைத்து அடுத்த அடியை வலிந்து அடிப்பதைப் போன்ற பெருங்கேடு இந்த ஆட்டத்தில் வேறில்லை. மரங்களுக்கிடையே பந்து சிக்கிக்கொண்டது. பக்கவாட்டில் மெல்லத் தட்டி வெளியே கொணர்ந்தால் ஓர் அடி நஷ்டம். அதற்கு மனம் இசைவதில்லை. இரண்டு மரங்களுக்கிடையே தெரியும் சந்து வழியாகக் குழியை நோக்கியே அடிக்கிறோம். பந்து மரத்தில் மோதி, முன்னிருந்ததைவிட மோசமான இடத்துக்கு வருகிறது. கடன் வாங்கிக் கடனை அடைப்பது போன்றது இது. தேர்வில் முதல் வினாவைக் கெடுத்துக்கொண்ட மாணவன், அந்த நினைவாலேயே நன்றாகத் தெரிந்த மூன்றாம் வினாவையும் கெடுத்துக்கொள்வதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அவனைக் கடிந்தும் இருக்கிறேன். மரத்தடியில் நின்றபோது அவன்மேல் எனக்கு இரக்கம் பிறந்தது.

இனி அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பெரும்பாலான வேளைகளில் இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரருக்கு அருகே நடுவர் இருப்பதில்லை. யாரும் காணாத புதர் மறைவில் செய்த பிழையையும் ஆடியவர் தாமே சொல்லித் தம்மேல் தண்டனை ஏற்கவேண்டும். ஆயுள் முழுவதும் பணத்துக்காக ஆடாத பாபி ஜோன்ஸ், 1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில், தம் பந்து சிறிதே அசைந்துவிட்டது என்று தாமாகவே சொல்லி ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். வேறு யாரும் அதைக் காணவில்லை. நான்கு சுற்றுகளின் முடிவில் அவரும் வில்லி மக்ஃபார்லேனும் சமமாக நின்றனர். மறு ஆட்டத்தில் ஜோன்ஸ் தோற்றார். அவரைப் புகழ்ந்தபோது அப்புகழை அவர் விரும்பவில்லை. கணக்கைச் சரியாகச் சொல்வதை ஒரு சிறப்பாக அவர் கருதவில்லை.

போட்டிகளில் ஒருவருடைய அடிகளை உடன் ஆடும் மற்றொருவர் அட்டையில் குறிப்பார். ஆட்டம் முடிந்ததும் ஆடியவர் ஒவ்வொரு குழியின் எண்ணையும் சரிபார்த்துக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். எண்ணைத் தவறாகக் குறித்தவர் மற்றவர். ஆனால் அந்தத் தவற்றுக்குப் பொறுப்பாளி கையொப்பமிட்டவர். ஒரு குழிக்கு உண்மையைவிட அதிகமாக எழுதியிருந்தால் அந்த அதிகமே நிலைக்கும். குறைவாக எழுதியிருந்தால் போட்டியிலிருந்தே நீக்கம்.

2006-ஆம் ஆண்டு எங்கள் மலைநகரில் ஆர்வலர்களுக்கான சிறு போட்டி ஒன்று நடந்தது. என்னோடு ஆடியவர், என்னிடம் பத்தாம் வகுப்புவரை படித்த இளைஞர். சிறுவயதில் காணாமற்போன பந்துகளைத் தேடிக்கொடுத்து இரண்டு மூன்று ரூபாய் ஈட்டியவர். பிறர் கழித்துப்போட்ட மட்டைகளைக் கொண்டு தாமே ஆடப் பழகியவர். தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப்பணி முடித்து, தூங்காமல் வந்து ஆடினார். அவருடைய அட்டையை நான் எழுதினேன். ஒன்பதாம் குழியில் அவர் ஐந்து அடிகள் அடித்தார். அதே குழியில் ஒரு முழ தூரத்திலிருந்த பந்தை நான் தவறவிட்டிருந்தேன். அதை எண்ணி மனம் புழுங்கிக்கொண்டே நடந்தேன். அடுத்த மேடைக்குப் போன பிறகு, அவருடைய கட்டத்தில் நான்கு என்று எழுதினேன்.

ஆட்டம் முடிந்தது. அவரே முதலிடம் என்று பேச்சு பரவிற்று. நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் அட்டையை நீட்டினேன். "நீங்கள் எழுதியதுதானே, ஐயா" என்று சொல்லி, அவர் படிக்காமலே கையொப்பமிட்டார். அந்தச் சொற்களில் இருந்த மரியாதை இன்றும் என்னைச் சுடுகிறது. அரை மணி நேரத்துக்குப் பின் குழிவாரியாக எண்களைப் பலகையில் எழுதினார்கள். எல்லாரும் மொத்தத்தைப் பார்த்தார்கள். அவர் ஒருவர்தாம் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்பதாம் கட்டத்தில் அவருடைய விரல் நின்றது. என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில், "ஐயா, ஒன்பதாவதில் எனக்கு ஐந்துதானே?" என்றார். ஐந்துதான் என்றேன். வேறெதுவும் பேசாமல் போட்டிக் குழுவினரிடம் அவரே சென்று சொன்னார். விதிப்படி அவரை நீக்கினார்கள். அந்த ஓர் அடியைக் கூட்டியிருந்தாலும் அவர்தாம் முதலிடம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான், ஐயா. நான் பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1968-ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியைப் பற்றி முன்பு படித்திருந்ததை மீண்டும் எடுத்துப் படித்தேன். அர்ஜென்டினா நாட்டு ராபர்ட்டோ டி விசென்ஸோ, கடைசி நாளில் பதினேழாம் குழியை மூன்று அடிகளில் முடித்தார். அவருடைய அட்டையை எழுதிய டாமி ஆரன் நான்கு என்று குறித்துவிட்டார். டி விசென்ஸோ அதைக் கவனிக்காமல் கையொப்பமிட்டார். அறுபத்தைந்து அடிகளில் முடித்த சுற்று அறுபத்தாறாக நிலைத்தது. அந்த ஓர் அடியால், பாப் கோல்பியோடு மறுநாள் மோதிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற்போயிற்று. அன்று அவருடைய நாற்பத்தைந்தாம் பிறந்தநாள். அவர் ஆரனைக் குறை கூறவில்லை; தம்மையே நொந்துகொண்டார்.

டாமி ஆரன் என்ன ஆனார் என்பதைப் பலர் சொல்லுவதில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1973-இல், அதே மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள். இம்முறை அவருடைய அட்டையை எழுதியவர் ஜானி மில்லர். ஆட்டம் முடிந்து அட்டையைப் பார்த்தபொழுது ஒரு குழியில் தம் கணக்கு ஓர் அடி கூடுதலாக எழுதப்பட்டிருப்பதை ஆரன் கண்டார். திருத்தச் செய்து, பிறகு கையொப்பமிட்டார். அந்தப் போட்டியை அவர் வென்றார். எத்தனை அடி வித்தியாசத்தில் என்கிறீர்கள்? ஒரே ஓர் அடி.

அந்த இளைஞர் இப்பொழுது தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் ஆடினார், 2009-இல் வென்றார். அன்று அவருடைய அட்டையை எழுதியவன் நான் அல்லேன். நானே வேண்டாமென்று விலகிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் இன்னும் சேர்ந்து ஆடுகிறோம். என் அட்டையை அவர் எழுதுகிறார். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். குழியை விட்டு நகர்வதற்கு முன், அவர் எண்ணை உரக்கச் சொல்லவேண்டும், நான் திருப்பிச் சொல்லவேண்டும், பிறகுதான் எழுதுவது.

சென்ற மாதம் பதினாறாம் குழியில் அவர் "ஏழு, ஐயா" என்றார். நான் "ஆறு" என்றேன். அவர் எழுதவில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நின்று, தொடக்க மேடையிலிருந்து விரல் மடக்கி எண்ணினோம். தைல மரத்தடியில் நான் வீசிய மட்டை காய்ந்த சருகை மட்டுமே பறக்கவிட்டதை நான் மறந்துவிட்டிருந்தேன். ஏழுதான். அவர் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, பதினேழாம் மேடைக்கு நடந்தோம்.